அக்காவின் ஸ்கானும் என் காலில் உள்ள துண்டும்

2023 ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒருநாள் இரவு, இங்கிலாந்தில் மகளுடன் வசித்துவந்த என் அக்கா ரெலிபோன் எடுத்தார். அவருக்குச் சதையியில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் கூறி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு. கணையம் என்றும் சொல்வார்கள். உணவைச் சமிக்கச் செய்யும் நீரையும் இன்சுலினையும் சுரப்பது இதுவே.

"பிள்ளை, ஆஸ்பத்திரியிலை ஒரு படிவம் தந்திருக்கினம். புதுசா ஒரு ஸ்கானாம். இன்னும் ஆராய்ச்சியிலைதான் இருக்காம். விருப்பமெண்டால் கையெழுத்து வைக்கட்டாம். நீ ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்றார்.

அக்காவுக்குப் படிவம் என்றாலே வெறுப்பு. 2009 இல் காணாமற்போன மகனைத் தேடி அவர் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. "எழுதிக் குடுத்தால் அவைக்குத்தான் பிரயோசனம்" என்பார். வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

மூன்று இரவுகள் அகராதியுடன் இருந்து அந்தப் படிவத்தை வாசித்தேன். விளங்காத இடங்களை மருமகள் வைத்தியரிடம் கேட்டுச் சொன்னாள். நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

சதையிப் புற்றுநோய் பெரும்பாலும் பிந்தியே கண்டுபிடிக்கப்படுகிறது. பத்தில் எட்டுப் பேருக்கு அந்த நேரத்தில் சத்திரசிகிச்சை செய்ய முடியாத நிலை. அவர்களுக்கு மருந்தேற்றிப் பார்க்கிறார்கள். அந்த மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிவதுதான் கடினம். இந்தக் கட்டியைச் சுற்றித் தழும்பு போன்ற தடித்த நார் இழையம் வளர்ந்திருக்கும். சி.ரி. ஸ்கானில் உயிருள்ள புற்றுநோயும் வெறும் தழும்பும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும். கட்டி சுருங்கியதா என்று பார்க்க இரண்டு மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். மருந்து பயன் தராவிட்டால் அந்த மாதங்கள் வீண். இந்த நோயாளருக்கு இருப்பதே சில மாதங்களாக இருக்கலாம்.

புதிய ஸ்கான் கட்டியின் அளவைப் பார்ப்பதில்லை. அது என்ன சாப்பிடுகிறது என்பதைப் பார்க்கிறது. சீனியிலிருந்து எங்கள் உடலிலேயே உண்டாகும் பைருவேற் என்ற பொருளைப் புற்றுநோய்க் கலங்கள் மிகுதியாக இலக்ரேற்றாக மாற்றுகின்றன. புற்றுநோய்க் கலங்கள் சீனியைப் பயன்படுத்தும் விதம் வேறு என்பதை ஜேர்மன் விஞ்ஞானி ஒட்டோ வார்பர்க் சுமார் நூறு வருடங்களுக்கு முன்னரே கண்டிருந்தார். இப்போது, கதிர்வீச்சில்லாத ஒருவகைக் காபன் சேர்ந்த பைருவேற்றை சுழியத்துக்குக் கீழ் 270 பாகைக்கும் அதிகமான குளிரில், பலமான காந்தத்துக்குள் வைத்துத் தயார் செய்கிறார்கள். அப்போது எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் அதன் சமிக்ஞை பத்தாயிரம் மடங்குக்கும் மேல் கூடுகிறது. உடனே கரைத்து, உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து, நாளத்தில் ஏற்றுகிறார்கள். ஓரிரு நிமிடங்களில் அந்தச் சமிக்ஞை மங்கிவிடும். அதற்குள் படம் எடுத்துவிட வேண்டும்.

இந்த முறையை மனிதரில் முதலில் செய்தவர்கள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள ஆய்வாளர்கள். புரொஸ்டேட் புற்றுநோயுள்ள 31 ஆண்களில் செய்த ஆய்வு 2013 இல் வெளியானது. சதையிப் புற்றுநோயாளர் சிலரில் டென்மார்க்கில் செய்த முதற்கட்ட ஆய்வு 2020 இல் வெளிவந்தது. மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சில நாட்களில் அல்லது வாரங்களில் அறியலாம் என்பதே எதிர்பார்ப்பு. அது இன்னும் சதையிப் புற்றுநோயில் உறுதியாகவில்லை.

படிவத்தில் ஒரு வரி என்னைத் தடுமாற வைத்தது. இந்த ஸ்கானால் உங்களுக்கு நேரடிப் பயன் கிடைக்காது, உங்கள் சிகிச்சையும் மாறாது என்று இருந்தது. இதை மறைத்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்பிடி முன்கூட்டியே உள்ளதைச் சொல்லி ஒருத்தரும் எங்களிட்டைக் கையெழுத்துக் கேட்டதில்லை, தங்கச்சி" என்றார். இடையில் விலகலாமா, விலகினால் வழமையான சிகிச்சை குறையுமா என்று இரண்டு கேள்விகளை மருமகளிடம் கேட்டனுப்பினார். எப்போதும் விலகலாம், சிகிச்சை குறையாது என்று பதில் வந்தது. அதன் பிறகே சம்மதித்தார்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. உடலில் உலோகத் துண்டு ஏதும் உண்டா? அக்காவுக்கு இல்லை. எனக்கு உண்டு. 1995 இடப்பெயர்வில் பட்ட செல் துண்டு இன்றும் என் இடது காலில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். இரும்புத் துண்டை அது இழுக்கலாம், சூடாக்கலாம். கண், முள்ளந்தண்டு, இரத்தக் குழாய் அருகில் இருந்தால் ஆபத்து. இத்தனை வருடங்களில் இதை நான் அறிந்திருக்கவில்லை.

அக்காவுக்கு மருந்தேற்றுவதற்கு முன் ஒருமுறை, சில வாரங்களின் பின் ஒருமுறை ஸ்கான் எடுத்தார்கள். "இயந்திரம் பெரிய சத்தம், ஊசி போட்டதுதான் தெரியும், அவ்வளவுதான்" என்றார். 2024 சித்திரையில் அவர் காலமானார். அந்த ஸ்கான் அவரைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றும் என்று எவரும் சொல்லவுமில்லை. "எனக்குப் பிறகு வாற ஒரு பொம்பிளையாவது மூண்டு மாதம் வீணாக் காத்திருக்காமல் இருக்கட்டும்" என்பதே அவர் எண்ணம்.

சகோதரிகளே, மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி நீடித்தால், கண்கள் மஞ்சளானால், காரணமின்றி உடல் மெலிந்தால், மலம் வெளிறி எண்ணெய்த்தன்மையாகப் போனால், நடுவயதுக்குப் பின் திடீரென நீரிழிவு வந்தால், வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாம் புற்றுநோயாகாது. ஆனாலும் "வாய்வு" என்று மாதக்கணக்கில் விடவேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடலில் செல் துண்டோ சன்னமோ இருப்பதைக் கேட்கும் முன்பே சொல்லுங்கள். எக்ஸ்றே எடுத்துப் பார்த்து அவர்கள் தீர்மானிப்பார்கள். விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். விளங்கும்வரை கேளுங்கள். அக்கா கேட்டார்.