பூனைமேல் இருப்பது கொஞ்சம், வீட்டில் இருப்பது மிச்சம்: தெள்ளுப்பூச்சியை ஒழிப்பது எப்படி?

படுத்திருந்த பூனை திடீரென்று எழுந்து, திரும்பி வாலடியைக் கடித்துக்கொள்கிறது. காதுக்குப் பின்னால் விடாமல் சொறிகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கோ கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்னத் தடிப்புகள். கொசு என்று நினைத்துக் கொசுவர்த்தி ஏற்றுகிறார்கள், அரிப்பு குறைந்தபாடில்லை. கொசுவாக இருந்தால் கை, கழுத்து என்று எங்கும் கடித்திருக்கும். முழங்காலுக்குக் கீழே மட்டும் கடி இருந்து, வீட்டில் பூனையும் இருந்தால், தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு பேன் சீப்பு போதும். பூனையை வெள்ளைத் துணியின்மேல் நிறுத்தி, வால் தொடங்கும் இடத்தில் தோல்வரை படும்படி சீவுங்கள். மிளகுத் தூளைப் போலக் கறுப்புத் துகள்கள் உதிரும். அவற்றை ஈரப் பஞ்சில் வைத்து லேசாக அழுத்தினால், சற்று நேரத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசியும். வெறும் மண்ணாக இருந்தால் அப்படிக் கசியாது. பூச்சி குடித்த பூனை ரத்தம், முழுதாகச் செரிக்காமல் எச்சமாக வெளியேறிக் காய்ந்ததுதான் அந்தத் துகள். பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் இந்தக் கறையே போதுமான சாட்சி.

இதற்குப் பிறகு பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். பூனையைப் பிடித்துக் குளிப்பாட்டுவார்கள். அன்றைக்குப் பூச்சி குறையும். ஒரு வாரத்தில் பழையபடி திரும்பிவிடும். காரணம், பூனைமேல் நாம் பார்க்கும் வளர்ந்த பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதமும் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள் கிடக்கின்றன.

பெண் பூச்சி பூனையின் ரத்தத்தைக் குடித்த ஒன்றிரண்டு நாளிலேயே முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள்வரை இடும். அந்த முட்டைகள் முடியில் ஒட்டி நிற்பதில்லை. பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ, எங்கிருந்தெல்லாம் குதிக்கிறதோ, அங்கெல்லாம் உதிர்கின்றன. சில நாளில் வெளிவரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து கட்டிலடி, சோபா இடுக்கு, தரை வெடிப்பு என்று இருட்டுக்குள் நகர்ந்துவிடும். அங்கே அதற்கு உணவு, மேலே சொன்ன அந்தக் காய்ந்த ரத்தத் துகள்தான். தாய்ப்பூச்சி பூனைமேல் இருந்தபடியே பிள்ளைகளுக்குச் சோறு உதிர்த்துக்கொண்டிருக்கிறது.

பிறகு அந்தப் புழு பிசுபிசுப்பான பட்டுக்கூடு ஒன்றைக் கட்டி, மேலே தூசியைப் போர்த்திக்கொள்ளும். இந்தக் கூட்டுப்புழுதான் நம் முயற்சி அனைத்தையும் தோற்கடிப்பது. பூச்சிமருந்து அதற்குள் எளிதில் புகாது. வெளியே வர உகந்த நேரம் இல்லையென்றால் மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று இவைதான் அதற்குச் சமிக்ஞை. விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பூட்டைத் திறந்ததும் கூட்டமாகக் காலில் ஏறுவது இதனால்தான். மருந்து போட்ட பிறகும் சில வாரங்களுக்குப் பூச்சி தென்படுவதற்கும் இதுவே காரணம். அதைப் பார்த்து "மருந்து வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள், ஜெயிக்கப்போகும் நேரத்தில் கைவிடுகிறார்கள்.

ஆகவே வைத்தியம் பூனையில் தொடங்க வேண்டும். ஆனால் பூனையோடு முடியக்கூடாது. கால்நடை மருத்துவர்கள் பொதுவாகத் தருவது கழுத்தின் பின்புறம் இடும் சொட்டு மருந்து. ஃபிப்ரோனில், செலாமெக்டின், இமிடாக்ளோபிரிட் போன்றவை பூனைகளுக்கென்றே தனி அளவில் கிடைக்கின்றன. பூனையின் நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கி, தோல்மேல் விழும்படி விட வேண்டும். முடிமேல் விட்டால் பாதி மருந்து வீண். வீட்டில் நான்கு பூனை, ஒரு நாய் இருந்தால் அத்தனைக்கும் ஒரே நாளில், அததற்குரிய மருந்தைப் போட வேண்டும். நாய்களில் பெரும்பாலும் காணப்படுவதும் இதே பூனைத் தெள்ளுதான். மருத்துவர் சொன்ன இடைவெளியில் குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள். மருந்திட்ட பூனைமேல் ஏறும் ஒவ்வொரு புதுப் பூச்சியும் முட்டையிடும் முன்பே சாகும். வீட்டில் கிடக்கும் இருப்பு அப்படித்தான் தீரும்.

இங்கே உரக்கச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். நாய்களுக்கான பல மருந்துகளில் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை நஞ்சு இருக்கும். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் நாயின் ஈரலுக்கு உண்டு; பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சில மணி நேரத்தில் உடல் நடுங்கும், வலிப்பு வரும், உயிரே போகலாம். தவறிப் போட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தால் மருந்தைக் கழுவிவிட்டு, அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

வீட்டு வைத்தியம் என்ற பெயரில் நடப்பவையும் கவலை தருகின்றன. பினாயில் கலந்த நீர், டெட்டால், மண்ணெண்ணெய், கற்பூரம், அந்துருண்டை, டீ ட்ரீ எண்ணெய் எல்லாமே பூனைக்கு விஷம். பூண்டு கொடுத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் அழியும். இயற்கையானதுதானே என்று வேப்பெண்ணெயைப் பூசுவதும் ஆபத்தாக முடியலாம்; பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கி விழுங்கிவிடும் பிராணி என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டைப் பொறுத்தவரை, தரைவிரிப்பு நிறைந்த குளிர்நாட்டு வீடுகளைவிட நம் சிமென்ட், டைல்ஸ் தரை வீடுகளுக்கு வேலை குறைவு. ஆனால் பாய், இலவம்பஞ்சு மெத்தை, கோணிப்பை, சோபா, பரணில் கிடக்கும் பழந்துணி ஆகியவை பூச்சிக்குப் போதும். பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். மெத்தை, தலையணையையும் உச்சி வெயிலில் காய வையுங்கள். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் புழு தாங்காது. சுடும் வெயில் அதற்கு எமன். அடைமழைக் காலத்தில் பூச்சி கொழிப்பதும் இதே கணக்கில்தான். தினமும் கட்டிலடிவரை பெருக்கி, ஈரத் துணியால் துடையுங்கள். குப்பையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. அதன் அதிர்வு கூட்டுக்குள் காத்திருக்கும் பூச்சியை வெளியே வரவழைக்கும். வந்தது மருந்திட்ட பூனைமேல் ஏறிச் சாகும். பூச்சிமருந்து அடிக்க ஆளைக் கூப்பிட்டால் பூனை இருப்பதை முன்கூட்டியே சொல்லி, தரை முழுதும் உலரும்வரை அதை வேறு இடத்தில் வையுங்கள்.

தெள்ளுப்பூச்சி என்றதும் பிளேக்கை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. 1898-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கராச்சியில் செய்த சோதனை, பிளேக்கைக் கடத்தும் எலித் தெள்ளைப் பற்றியது. பூனைத் தெள்ளு வேறு இனம். அந்தப் பயம் வேண்டாம். ஆனால் இதற்கும் தனி ஆபத்துகள் உண்டு. பூனை தன்னை நக்கும்போது பூச்சியை விழுங்கினால் நாடாப்புழு உண்டாகும். மலவாயைச் சுற்றி அரிசி அளவில் வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அதுதான். குழந்தைகள் தவறிப் பூச்சியை விழுங்கினாலும் வரலாம். பூனைக்குப் பூச்சிமருந்தோடு குடற்புழு மருந்தும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பூனை பிராண்டுவதால் வரும் காய்ச்சலின் கிருமியைப் பூனைக்குப் பூனை பரப்புவதும் இதே தெள்ளுதான்.

எல்லாரிலும் பாவம் குட்டிகள். கால் கிலோகூட இல்லாத உடம்பில் எத்தனை ரத்தம் இருந்துவிடப் போகிறது? பூச்சி அதிகமானால் ரத்தசோகையிலேயே குட்டி செத்துப்போகும். தெருவில் கண்டெடுத்த குட்டி சோர்ந்து கிடந்தால் உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பெரிய பூனையின் மருந்தை அதற்கு இடவும் வேண்டாம். சீப்பால் சீவி, சிக்கும் பூச்சிகளைச் சோப்பு நீரில் முக்கி, குட்டியைத் துணியில் கதகதப்பாகச் சுற்றி அன்றைக்கே அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.