பிற்காலச் சோழர் இறுதியும் முடிமரபும்

செம்பியர் குடிப் பிறந்தார்க்கன்றிப் பிறர்க்கு முடிசூட்டத் தில்லைவாழந்தணர் இசைந்திலர் என்பதனைக் கூற்றுவ நாயனார் வரலாற்றால் அன்பர்கள் அறிவர். அத்துணை மாட்சிமை வாய்ந்த அம்முடி இறுதியில் யாங்ஙனம் மறைந்தது? மகப்பேறின்மையாற் குடி அற்றது என்பர் சிலர். அரசுரிமைப் பூசலால் அழிந்தது என்பர் வேறு சிலர். கல்வெட்டுக்களை ஊன்றி நோக்குவார்க்கு இவ்விரண்டும் முழுதுண்மையாகா. முடி முறைப்படியே கைம்மாறி வந்தது. அதனைத் தாங்கும் வலியே உடன் வந்திலது. இதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

முதற்கண், உரிய மைந்தன் இல்லாதவிடத்துச் சோழர் செய்தது யாது என்பதனை மாயூரத்தை அடுத்த பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு நன்கு உணர்த்துகின்றது. இரண்டாம் இராசராசன் ஆட்சியிறுதியில் அவன் மக்கள் இருவரும் ஒன்றும் இரண்டும் ஆண்டு நிரம்பிய குழவிகள். ஆதலின், விக்கிரம சோழன் வழியினனான நெறியுடைப்பெருமாளின் மைந்தன் எதிரிலிப்பெருமாள் என்பானைக் கங்கைகொண்ட சோழபுரத்தினின்று கொணர்ந்து, இராசாதிராசன் என்னும் பெயரால் அபிடேகம் செய்வித்தனர். அமைச்சராகிய பல்லவராயர் அக்குழவிகளையும் அரண்மனை மகளிரையும் பாதுகாத்தனர். அரசிளங்குழவிகளை மாய்த்து முடிகவர்ந்த செய்திகள் பிறநாட்டு வரலாறுகளிற் பலவாக, ஈண்டுக் குழவிகளுங் காக்கப்பட்டனர், குடிமுறையுங் காக்கப்பட்டது. ஆகவே, மகவின்மையாற் சோழர் முடி தடுமாறிற்று என்பது பொருந்தாமை அறிக.

இனி, 1178இல் அரியணையேறிய மூன்றாங் குலோத்துங்கன் திரிபுவனத்துக் கம்பகரேசுவரர் திருக்கோயிலை எடுப்பித்த பேரரசன். இவன் 1205ஆம் ஆண்டளவில் மதுரையிற் புகுந்து, பாண்டியரது முடிசூட்டு மண்டபத்தை இடித்து, அவ்விடத்தைக் கழுதை பூட்டி உழுவித்துக் கவடி விதைத்தனன். அச்செயலின் பயன் விரைவில் விளைந்தது. 1216இல் அரசெய்திய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டி, ஆயிரத்தளியில் வீராபிடேகஞ் செய்துகொண்டு, தில்லையையும் வழிபட்டனன். அத்தீயிடையேயும், பட்டினப்பாலைக்காகக் கரிகாலன் வழங்கிய பதினாறுகால் மண்டபம் ஒன்றை மட்டும் இடியாது விடுத்தான் எனத் திருவெள்ளறைச் சாசனம் கூறும். பகைவன் முடியை மதியாதவனும் புலவன் பரிசிலை மதித்தனன் போலும்! பின்னர்ப் பொன்னமராவதியிற் சோழநாட்டை மீளக் கொடுத்து, சோணாடு வழங்கியருளியவன் என்னுஞ் சிறப்பும் பெற்றான். பகைவன் அளித்த கொடையாய் முடி மீண்டதே வீழ்ச்சியின் தொடக்கம்.

அவ்வாண்டிலேயே பட்டமெய்திய மூன்றாம் இராசராசன் காலத்துச் சிற்றரசர் கை ஓங்கிற்று. காடவர் கோனாகிய கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் அவனை வென்று, சேந்தமங்கலத்திற் சிறைவைத்தான். போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் இதனைக் கேட்டுத் தன் தண்டநாயகரை விடுத்து அவனை மீட்டு அரியணையேற்றிய செய்தியை, 1231ஆம் ஆண்டு நிகழ்ச்சியைக் குறிக்குந் திருவயிந்திரபுரக் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. சோழனை மீட்டு நிறுவியமையின் நரசிம்மன் சோழராச்சியப் பிரதிட்டாசாரியன் எனப்பட்டான். ஆசாரியன் ஒருவன் நிறுவினாலன்றி நில்லாத நிலையை அரசு எய்திற்று! அரசனைச் சிறைசெய்த கோப்பெருஞ்சிங்கனோ தில்லையில் எழுநிலைக் கோபுரம் எடுப்பித்த சிவனடியான். வழிபாட்டில் ஒருவர் எய்திய மேன்மை, அரசியலில் அவர் செய்த யாவற்றையும் முறையாக்கிவிடாது என்பதை இஃது அறிவுறுத்தும்.

1246இல் மூன்றாம் இராசேந்திரனது ஆட்சியாண்டு தொடங்குகின்றது. அதன்பின்னும் சில்லாண்டு இராசராசன் ஆட்சியாண்டு கல்வெட்டுக்களில் வருதலின், இருவரும் பகைத்து ஆண்டனர் எனச் சிலர் துணிவர். இராசேந்திரன் மெய்க்கீர்த்தித் தொடரொன்றையும் அதற்குச் சான்றாக்குவர். அத்தொடர் இருபொருட்கு இடந்தருவது. ஆட்சியாண்டுகள் மேற்படுதல் ஒன்றே பகைக்குச் சான்றாகாது. முதல் இராசராசன் இருக்கும்போதே 1012இல் இராசேந்திரன் பட்டம் பெற்றான். அவ்விராசேந்திரனும் 1018 முதல் இராசாதிராசனை உடனரசனாக வைத்து ஆண்டான். முன்னவன் உளனாகப் பின்னவன் முடிபுனைந்து பயிலுதல் இக்குடியின் நெடுநாள் வழக்கமாம். முதலில் வலிமைக்கு அரணாயிருந்த அவ்வழக்கமே, கடையில் வலியின்மையை மறைக்குந் திரையாயிற்று.

இராசேந்திரன் தொடக்கத்தில் வீறுகாட்டினானாயினும், 1251இல் அரசெய்திய சடாவர்மன் சுந்தரபாண்டியனுக்குத் திறைசெலுத்துவோனாயினான். போசள சோமேசுவரன் 1262இல் மாண்டனன். 1279இல் மாறவர்மன் குலசேகரபாண்டியன் இராசேந்திரனையும் போசள இராமநாதனையும் வென்றான். இராசேந்திரனது முப்பத்துமூன்றாம் ஆட்சியாண்டோடு அவன் கல்வெட்டுக்கள் அற்றன. சோழப் பேரரசின் பட்டம் அவ்வளவில் ஒழிந்தது. மரபிற் பிழையின்றி முடி வந்த கை வெறுமையாயிருந்தது, அவ்வளவே.

இவையனைத்தும் நமக்கு எட்டியது எதனால்? சந்திராதித்தவரை செல்வதாக எனச் சோழர் எழுதுவித்த அறக்கட்டளைகளின் தலைப்பிலே ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருத்தலான். முடி அழிந்தது, விளக்குக்கு வைத்த பசுவும் ஆடும் எத்தனை என்னுங் கணக்கு மட்டும் சுவரில் நின்றது. ஆதலின் திருக்கோயிற் றிருப்பணி செய்வோர், பழங்கற்களைப் பெயர்க்குமுன் அவற்றிலுள்ள எழுத்தைப் படியெடுத்துக்கொள்வாராக. ஒரு வரி சிதையின் ஓர் அரசனின் ஆண்டு சிதையும்.