கணினிப் பேய்களும் கணித சாஸ்திரமும்

கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி சர்வகலாசாலையில் செயற்கை நுண்ணறிவு என்னும் சாஸ்திரத்தைக் கற்க வரும் மாணவன், 1980-ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய 'பேக்-மேன்' விளையாட்டே அங்கே பயிற்சிக் களமாக இருப்பதைக் கண்டு, பாடம் சுலபமானதென்று எண்ணிவிடக்கூடும். ஆனால் புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களுக்குத் தப்பி ஓடும் அந்த மஞ்சள் உருவத்தை அவன் தன் கையால் ஆட்டிவைப்பதில்லை. அது தானாகவே ஆலோசித்து நடப்பதற்குரிய விதிகளைப் பைத்தான் மொழியில் எழுதித் தர வேண்டும் என்பதும், நிகழ்தகவுக் கணிதம் கைவராதவர்களுக்குப் பின்வரும் பாடங்கள் வசப்படா என்பதும் விரைவிலேயே விளங்கிவிடும். டான் க்ளைன், ஜான் டெனீரோ ஆகிய இருவரும் முக்கியமாக முன்னின்று உருவாக்கிய இப்பயிற்சிகளை வேறு சர்வகலாசாலைகளும் கையாளுகின்றன.

அவற்றுள் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் 1 மதிப்பெண் குறையும். புள்ளியைத் தின்றால் 10 கூடும். பேயிடம் அகப்பட்டால் 500 போய்விடும். எதிரி எப்பொழுதும் நமக்கு மிகப் பாதகமானதையே செய்வான் என்று கொண்டு கணக்கிடும் 'மினிமேக்ஸ்' முறையை மாணவன் எழுதி முடித்து, பேய்களிடையே உருவம் சிக்கிக்கொள்ளும் ஓர் ஆட்டத்தில் அதைப் பரீட்சித்தால், தப்ப முயலாமல் அது அருகிலுள்ள பேயிடமே நேராக ஓடி மடிகிறது. எழுதிய நிரலில் பிழையில்லை. மரணம் நிச்சயமானால் உயிரோடிருக்கும் ஒவ்வோர் அடியும் நஷ்டமே என்று அது முடிவு செய்தது, கொடுத்த விதிகளின்படி முற்றிலும் நியாயமானது. பேய்களோ உண்மையில் இலக்கின்றித் திரிபவை. அவ்வுண்மையை ஏற்று, நேரக்கூடியவற்றின் சராசரியைக் கொண்டு தீர்மானிக்கும் 'எக்ஸ்பெக்டிமேக்ஸ்' முறையை எழுதினால், அதே ஆட்டத்தில் ஏறக்குறையப் பாதித் தடவை ஜயம் கிட்டுகிறது.

இயந்திரத்தின் விவேகம், நாம் அதற்கு வகுத்துத் தரும் அளவுகோலையும், உலகத்தைப் பற்றி நாம் கொள்ளும் அநுமானத்தையும் பொறுத்ததே என்னும் தத்துவத்தை, தான் எழுதிய விதிகள் கண்ணெதிரே தோற்கக் கண்ட மாணவன் ஐயந்திரிபற அறிகிறான். பாடத்தின் கடுமைக்குப் பிரயோஜனம் இதுதான்.

2011-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் சார்பில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் இதே சாஸ்திரத்தை இணையத்தின் வழியே இலவசமாகப் போதித்தபோது, சேர்ந்தவர் ஏறக்குறைய 1,60,000 பேர். முடித்தவர் ஏறக்குறைய 23,000 பேரே. வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது. இத்துறையை நாடும் இளைஞர்கள் முதலில் கணிதத்தில் சிரத்தை கொள்ள வேண்டும். பயிற்சிகளின் விடையை இரவல் வாங்காமல் தாமே செய்து பார்க்க வேண்டும்.