தில்லியின் பட்பட்டியா

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், படையினர் இந்தியாவில் விட்டுச்சென்ற ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்கள் விற்கப்பட்டன. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடும் நிலமும் இழந்து தில்லிக்கு வந்தோருள் சிலர், அவற்றை மூன்று சக்கர வண்டிகளாக மாற்றிப் பிழைப்புத் தேடிக்கொண்டனர்.

முதலில் பின்சக்கரத்தை நீக்கினர். அவ்விடத்தில் இரு சக்கரங்கள் கொண்ட அச்சைப் பொருத்தினர். அதன்மேல் பயணிகளுக்கு இருக்கைகளும் கூரையும் அமைத்தனர். எஞ்சின் எழுப்பிய ‘பட்பட்’ ஒலியே ‘பட்பட்டியா’ என்னும் பெயரைத் தந்தது.

இருசக்கர வண்டி திரும்பும்போது உட்புறமாகச் சாயும். இத்தகைய மூன்று சக்கர வண்டி அவ்வாறு சாயாது. விரைந்து திருப்பினால் கவிழக்கூடும். மேலும், திருப்பத்தில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுந்த தொலைவு செல்கிறது. ஆகவே, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பற்சக்கர அமைப்பு அச்சில் இருப்பது நன்று.

கன்னாட் பிளேசுக்கும் சாந்தினி சௌக்கிற்கும் இடையே இவ்வண்டிகள் பல்லாண்டுகள் ஓடின. காற்று மாசினைக் குறைக்கப் பழைய வாடகை வண்டிகளை விலக்குமாறு உச்சநீதிமன்றம் 1998இல் ஆணையிட்டது. பட்பட்டியாக்களும் மறைந்தன. ஏதிலிகளாய் வந்தோர்க்குச் சோறிட்ட வண்டியே, நகர மக்களின் மூச்சுக்கு இடையூறாகவும் ஆயிற்று. பிழைப்பு, நலம் இரண்டையும் ஒருங்கே காப்பது எவ்வாறு? சிந்தித்து எழுதுக.