உப்பு எத்தனை அடியில் இருக்கிறது?
பைப் கடைச் சாமான்களில் ஒரு மண் மாதிரிக் குழாய்

மண் பரிசோதனை என்றால் உரச் செலவைக் குறைக்கும் வழி என்றே பெரும்பாலான ஊர்களில் எண்ணுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் அது வேறு. நிலத்தில் பயிர் வைக்கலாமா, வைத்தால் எந்தப் பயிர் என்பதையே அங்கு மண் பரிசோதனைதான் சொல்லியாக வேண்டும். மேல் மண்ணை மட்டும் மம்பட்டியால் கொத்தி அனுப்பினால் இந்தக் கேள்விக்குப் பாதி விடைதான் கிடைக்கும். ஓரடி, இரண்டடி ஆழத்து மண்ணும் அடுக்கு அடுக்காகத் தனியே வேண்டும். அதை எடுப்பதற்கான கைக்கருவியை உழவர்கள் தாமே செய்துகொள்ளலாம்.

ஏன் ஆழத்து மண்?

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவுகிறார்கள். பதனிடும் இடத்தில் முதல் வேலையாக அந்த உப்பைக் கழுவி நீக்குகிறார்கள். அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் ஏரிகளிலும் ஓடைகளிலும் பாலாற்றிலும் விடப்பட்டு, கிணறுகளுக்கும் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஒரு கணக்கெடுப்பு உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும், முன்பே மண்ணில் இறங்கிய உப்பு தானாகப் போய்விடாது.

உப்பு ஓரிடத்தில் நிற்கும் பொருள் அல்ல. மழையில் கரைந்து கீழே இறங்கும். கோடையில் ஈரத்தோடு மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும். தோல் பதனிடும் குரோமியம் இப்படி அலைவதில்லை. அதில் பெரும்பகுதி மேல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மழைக்குப் பின் மேல் மண்ணை மட்டும் பார்த்து நிலம் தேறிவிட்டது என்று நம்பிக் கடன் வாங்கிப் பயிர் வைத்தால், கோடையில் உப்பு மேலேறிப் பயிர் கருகும்.

வாங்க வேண்டியவை

ஓரங்குல இரும்பு பைப் 75 செ.மீ., ஓரங்குல 'டீ' ஒன்று, ஆறங்குல நிப்பிள் இரண்டு, நிப்பிள் முனைக்கு மூடி இரண்டு. பைப் கனமான ரகமாக இருக்கட்டும்.

பைப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெள்ளை முலாம் பூசிய ஜி.ஐ. பைப் வேண்டாம். அந்த முலாம் துத்தநாகம். அது மண்ணில் ஒட்டினால் துத்தநாகச் சத்தின் அளவு தவறாகக் காட்டும். உலையில் வைத்தால் கிளம்பும் வெண்புகையும் உடம்புக்குக் கெடுதல். எவர்சில்வர் குழாயும் வேண்டாம். அந்த உலோகத்திலேயே குரோமியம் கலந்திருக்கிறது. முலாம் பூசாத கருப்பு இரும்பு பைப்பே ஏற்றது. டீயும் நிப்பிளும் மண்ணில் படாதவை என்பதால் அவை ஜி.ஐ.யாக இருக்கலாம்.

செய்யும் முறை

பைப்பின் ஒரு முனையில் கடையிலேயே மரை போட்டு வாங்க வேண்டும். மறுமுனையைக் கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிச் சுற்றிலும் மெதுவாகத் தட்டி, வாயை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறுக்க வேண்டும். வாய் சற்றுக் குறுகலாக இருந்தால்தான் உள்ளே புகும் மண் இறுகாமல் மேலே நகரும். பிறகு வெளிப்புறத்தை மட்டும் அரத்தால் சரிவாக ராவிக் கூராக்க வேண்டும்.

கூர்முனையிலிருந்து 5 செ.மீ. விட்டு, அதற்கு மேல் 20 செ.மீ. நீளத்துக்கு, சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு ஹேக்சா ரம்பத்தால் ஒரு திறப்பு வெட்டவேண்டும். மண்ணைப் பார்க்கவும் வெளியே தள்ளவும் இந்தத் திறப்பு உதவும். ஓரங்களை ராவி மழுக்காவிட்டால் விரலைக் கிழிக்கும்.

மேல் முனையில் டீயை மாட்டி, இருபுறமும் நிப்பிளைத் திருகி மூடி போட்டால் கைப்பிடி தயார். முனையிலிருந்து 15, 30, 45, 60 செ.மீ. தூரங்களில் அரத்தால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பெயிண்டால் குறி வைக்கக் கூடாது. சில பெயிண்டுகளில் ஈயமும் குரோமியமும் உண்டு.

மாதிரி எடுக்கும் முறை

நிலம் பதமான ஈரத்தில் இருக்கும் நாளில் எடுப்பது நல்லது. வரப்போரம், வாய்க்கால், எருக்குழி, மர நிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் வளைந்து வளைந்து நடந்து எடுக்கவேண்டும். பயிர் நன்றாக வந்த பகுதியையும் கருகிய பகுதியையும் சேர்க்கக் கூடாது.

மேலே பூத்த வெள்ளை உப்பைச் சுரண்டித் தனிப் பையில் போட்டபின், குழாயை நேராக நிறுத்தி அழுத்தி வலப்பக்கமாகத் திருக வேண்டும். இடப்பக்கம் திருகினால் டீயின் மரை கழன்றுவிடும். சுத்தியலால் அடித்தால் டீ உடையும். 15 செ.மீ. இறங்கியதும் உருவி மண்ணைத் தட்டிவிட்டு, அதே குழியில் அடுத்த 15 செ.மீ. இறக்கவேண்டும். இரண்டாம் முறை முதல், மேலிருந்து உதிர்ந்து விழுந்த மண் குழாய்க்குள் மேற்பகுதியில் இருக்கும். அதில் ஒன்றிரண்டு செ.மீ. நீக்கிவிட வேண்டும். குழாய்க்கு எண்ணெய், கிரீஸ் தடவுவது கூடாது. கல் நிறைந்த செம்மண்ணில் இந்தக் குழாய் இறங்காது; அங்கே கடப்பாரையால் குழி தோண்டி, பக்கச் சுவரிலிருந்து அடுக்கடுக்காகச் செதுக்கி எடுக்கலாம்.

0–15, 15–30, 30–60 செ.மீ. என மூன்று பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே சேர்த்துக் கலக்கவேண்டும். வட்டமாகப் பரப்பி நான்கு பாகமாக்கி, எதிரெதிர் பாகங்களை நீக்கி நீக்கி அரைக் கிலோவாகக் குறைக்கவேண்டும். நிழலில் உலர்த்திச் சுத்தமான துணிப்பையில் போட்டு, சர்வே எண், தேதி, ஆழம் எழுதிய சீட்டை வைத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம். கிணற்று நீரையும் சேர்த்தே சோதிப்பது நல்லது. வழக்கமான பரிசோதனையில் குரோமியம் சேராது. அதைத் தனியே கேட்கவேண்டும்.

முடிவைப் படிப்பது எப்படி?

மின் கடத்தும் திறன் கூடினால் உப்பு கூடியிருக்கிறது என்று பொருள். மேலடுக்கில் மட்டும் கூடுதல் என்றால், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்கிப் பார்க்கலாம். வடிகால் இருந்தால்தான் பலன் தரும். மேலே குறைவு, கீழே கூடுதல் என்றால் ஆழ வேர் விடும் மரப்பயிர்களில் முதல் போடுமுன் யோசிக்க வேண்டும். மூன்று அடுக்கிலும் கூடுதல் என்றால் பெருஞ்செலவுப் பயிரைத் தள்ளிவைப்பதே நல்லது.

உவர் நிலத்துக்கும் களர் நிலத்துக்கும் வைத்தியம் ஒன்றல்ல. கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியமும் மிகுந்திருந்தால் அது களர். அதற்கு ஜிப்சம் இட்டு நீர் வடிப்பதும், தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும் உதவும். வெறும் உவருக்கு ஜிப்சம் வாங்கிக் கொட்டினால் பணம்தான் வீண். கிணற்று நீரே உப்பாக இருந்தால் எந்த வைத்தியமும் நிலைக்காது.

ஏட்டில் ஏறவேண்டும்

ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடங்களில் மாதிரி எடுத்து, முடிவுச் சீட்டுகளை ஒரு நோட்டில் ஒட்டிவைப்பது அவசியம். மாதம் மாறினால் உப்பின் ஆழமும் மாறும்; ஒப்பிட முடியாது. வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று அளித்த தீர்ப்பும், கெடுத்தவரே இழப்பைத் தரவேண்டும், கேடு நீங்கும்வரை அந்தப் பொறுப்பு தீராது என்று வலியுறுத்தியிருக்கிறது. உழவர் தாமே எடுத்த மாதிரி அதற்கு முடிவான சான்று ஆகிவிடாது. ஆயினும் அதிகாரி முன் மனுவோடு நிற்கும்போது, 'நிலம் கெட்டுப் போச்சு' என்று வாயால் சொல்வதைவிட, எந்த ஆண்டில் எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்ற கணக்கு கையில் இருப்பது மேல்.

ஒரு குழாய் ஒரு வீட்டுக்கு மட்டும் என்றில்லை. ஒரு தெருவுக்கே போதும். வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவித் துடைத்து, உரமூட்டைகளுக்கு எட்டத்தில் வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.