இயந்திரத்தை இயக்குவோம், கணக்கும் காவலும் அறிவோம்

மலாய் மொழியில் ‘பாத்தோக்’ என்றால் இருமல். சிங்கப்பூரிலுள்ள புக்கிட் பாத்தோக்கிற்கு அப்பெயர் வந்த காரணத்தைப் பலவாறாகக் கூறுவர். அங்கிருந்த கருங்கல் குவாரிகளில் வெடி வைத்துப் பாறையைத் தகர்த்தபோது எழுந்த ஓசை, குன்று இருமுவதுபோல் கேட்டதாம். அதனாலேயே அது ‘இருமும் குன்று’ ஆயிற்று என்பது அவற்றுள் ஒன்று. இன்று குவாரிகள் ஓய்ந்துவிட்டன. பழைய குவாரி ஒன்று இருந்த இடத்தில் 1988ஆம் ஆண்டு இயற்கைப் பூங்கா அமைந்தது.

குன்று இருமியதோ இல்லையோ, இயந்திரம் இருமும் என்பதை நாம் அறிவோம். பழுதாகும் முன் அதன் ஓசை மாறும், உடல் நடுங்கும், புகை கறுக்கும். அந்த இருமலைக் கேட்டு நிறுத்துபவர் தம்மையும் காத்து இயந்திரத்தையும் காக்கிறார். “இன்னும் ஒரு நிரை முடியட்டும்” என்று ஓட்டுபவர் இரண்டையும் இழக்க நேரிடலாம்.

ஒரு தந்தையின் கையொப்பம்

இக்கட்டுரையாளர் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், மாணவர் ஒருவரின் தந்தை தேர்ச்சி அறிக்கையில் இடக்கையால் கையொப்பமிட்டார். வலக்கையில் மூன்று விரல்கள் இல்லை. பால் கொட்டகையில், உறைந்த பாலைத் தகடாக அழுத்தும் மேங்கிள் உருளைகளுக்கிடையே அவை சிக்கிவிட்டன. கழுவுவதற்காகக் கழற்றப்பட்ட காப்புத் தடுப்பு மீண்டும் பொருத்தப்படவில்லை. தகடு சிக்கியபோது இயந்திரத்தை நிறுத்தாமல் விரலால் தள்ளினார். “ஒரு நிமிஷம் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன், சார்” என்றார் அவர். அந்த ஒரு நிமிடத்தின் விலையை அவர் வாழ்நாள் முழுவதும் செலுத்தினார்.

கதிரடிக்கும் இயந்திரம் கற்பித்த பாடம்

இத்துன்பம் ரப்பர்த் தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. பசுமைப் புரட்சிக் காலத்தில் இந்தியாவின் கோதுமை வயல்களில் கதிரடிக்கும் இயந்திரங்கள் பெருகின. தொழிலாளர் கையாலேயே கதிரை அதன் வாயில் திணித்தனர். கதிரோடு கையும் உள்ளே இழுக்கப்பட்டது. கையிழந்தோர் பலர். இரவுப் பணி, களைப்பு, தளர்ந்த ஆடை ஆகியவை காரணங்களாயின. எனினும் முதற்காரணம், கை எட்டும் தொலைவில் வாய் அமைந்திருந்ததே ஆகும்.

இதற்குத் தீர்வு எளிய ஒன்றாக இருந்தது. கதிர் செல்லும் தொட்டியின் நீளம் குறைந்தது 90 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அதில் 45 சென்டிமீட்டர் மூடியிருக்கவேண்டும் என்று தரம் வகுக்கப்பட்டது. மூடிய பகுதியைத் தாண்டி உருளையை எட்டுவது கைக்கு அரிது. 1983ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. கதிரடிக்கும் இயந்திரம் அச்சட்டத்தில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளது. விபத்துக்குள்ளானோருக்கு இழப்பீடு வழங்கவும் அது வகை செய்தது. தொழிலாளியை “கவனமாயிரு” என்று எச்சரிப்பதோடு நில்லாமல், இயந்திரத்தையே திருத்தியமைக்கவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

இயக்கும் முறை

மேங்கிள்: காப்புத் தடுப்பும் நிறுத்துவிசையும் சரியாக உள்ளனவா என்று பார்த்த பின்னரே தொடங்குக. தகடு சிக்கினால் முதலில் நிறுத்துக. பிறகே கை வைக்குக. கழுவி முடித்ததும் தடுப்பைப் பொருத்துவது கழுவும் வேலையின் ஒரு பகுதியே.

புல்வெட்டும் இயந்திரம்: சுழலும் கத்தி கல்லையும் கம்பித் துண்டையும் குண்டுபோல் வீசும். ஆகவே முகக்கவசம், காலணி, காதுக்காப்பு ஆகியவை இன்றியமையாதவை. 15 மீட்டருக்குள் வேறொருவர் இருத்தலாகாது. எரிபொருள் ஊற்றும்போது இயந்திரம் நின்று ஆறியிருக்கவேண்டும்.

டிராக்டர்: பின்புறம் விசை தரும் தண்டு வழக்கமாக நிமிடத்திற்கு 540 முறை சுழல்கிறது. அதாவது வினாடிக்கு 9 சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் நுனி அதில் பட்டால், கையை விடுவிக்க நேரமிராது. தண்டின் மேலுறை இல்லாத டிராக்டரை இயக்கலாகாது. மட்காட்டின் மீது எவரையும் ஏற்றலாகாது. சரிவில் டிராக்டர் கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தை, புதிய டிராக்டர்களுக்கு 1959ஆம் ஆண்டிலேயே சுவீடன் கட்டாயமாக்கியது. அச்சட்டம் உள்ள டிராக்டரில் இருக்கைப் பட்டையையும் அணிந்தாலே முழுப் பயன் கிட்டும்.

செலவுக் கணக்கு

“பாதுகாப்புக்குப் பணம் ஏது?” என்று கேட்பவர் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். கீழ்க்காணும் தொகைகள் எடுத்துக்காட்டுக்காகவே தரப்படுகின்றன. உங்கள் ஊர் விலையை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு புல்வெட்டும் இயந்திரத்தின் விலை 1,200 வெள்ளி என்க. ஆண்டுக்கு 500 மணி நேரமாக 4 ஆண்டுகள் உழைக்குமாயின், மொத்தம் 2,000 மணி. அப்படியாயின் மணிக்குரிய செலவு வருமாறு:

தேய்மானம்: 60 காசு
பழுதுபார்ப்பும் கத்தியும் (ஆண்டுக்கு 300 வெள்ளி): 60 காசு
எரிபொருளும் எண்ணெயும்: 2 வெள்ளி 20 காசு
ஓட்டுபவர் கூலி: 9 வெள்ளி
பாதுகாப்புச் சாதனங்கள் (ஆண்டுக்கு 150 வெள்ளி): 30 காசு
மொத்தம்: 12 வெள்ளி 70 காசு

பாதுகாப்புக்கான பங்கு நாற்பதில் ஒன்றுக்கும் குறைவு! அதை மிச்சம் பிடிப்பவர் உண்மையில் எதையும் மிச்சம் பிடிப்பதில்லை. இயந்திரம் கடனில் வாங்கப்பட்டதாயின் வட்டியையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதே இயந்திரம் ஆண்டுக்கு 250 மணி மட்டுமே ஓடி, 4 ஆண்டுகளில் பழையதாகிவிட்டால், தேய்மானம் மணிக்கு 1 வெள்ளி 20 காசாக உயர்ந்துவிடும். ஆகவே சிறு தோட்டக்காரர்கள் தனித்தனியே வாங்குவதைவிடக் கூட்டுறவாக ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவது சிக்கனமாகும். பொது இயந்திரத்துக்கு ஒரு குறிப்பேடு வேண்டும். ஓடிய நேரம், ஊற்றிய எண்ணெய், கண்ட பழுது ஆகியவற்றை அன்றன்றே எழுதிவிட்டால், செலவும் தெரியும், ‘இருமலும்’ மறைக்கப்படாது.

சட்டம் தரும் காவல்

சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் அது எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. புக்கிட் பாத்தோக்கின் தொழிற்கூடங்களேயன்றி, வடக்கேயுள்ள கிராஞ்சிப் பண்ணைகளும் அதன் வரம்புக்குள் அடங்கின. விபத்து நேர்ந்த பின் தண்டிப்பதைவிட, ஆபத்தை அதன் மூலத்திலேயே குறைப்பது அச்சட்டத்தின் நோக்கமாகும்.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிடில், தொழிலாளி அவ்விடத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அதன்பொருட்டு அவரைப் பழிவாங்கலாகாது. ஆகவே தடுப்பில்லாத மேங்கிளைக் கண்டால் மண்டோரிடமோ கிராணியாரிடமோ உடனே தெரிவியுங்கள். எழுதிக் கொடுப்பது இன்னும் நன்று. சொல்லத் தயங்குவது பணிவாகாது.

தேய்ந்த கத்தியை மாற்றலாம். எரிந்த மோட்டாருக்குப் புதியது வாங்கலாம். விரலுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது. நாளைக் காலை இயந்திரத்தைத் தொடுமுன் ஒரு நிமிடம் நின்று, தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தந்தை மிச்சம் பிடிக்க முயன்ற நிமிடம் அதுவே.