மோட்டார் யாரோடு ஓடிப்போனது?



போன செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "டி.சி. சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாமல் ஏன் ஓட்டக் கூடாது?" என்று கேட்டார். மனப்பாடம் செய்திருந்ததை மடமடவென்று ஒப்பித்தேன். "தி மோட்டார் வில் ரன் அவே, சார்." "அப்படின்னா? தமிழ்லயே சொல்லுப்பா" என்றார். "ஓடிப்போயிருமுங்க சார்" என்றேன். "யாரோட?" என்று கேட்டாரே பார்க்கலாம்! லேபே சிரித்தது.

சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு விடை தெரியாது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். லோடு இல்லாவிட்டால் ஆர்மேச்சர் கரண்ட் குறையும். சீரிஸ் மோட்டாரில் ஃபீல்டு காயிலிலும் அதே கரண்ட்தானே போகிறது? அதனால் காந்தப் பாயமும் குறையும். பாயம் குறையக் குறைய வேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஆர்மேச்சர் வைண்டிங்கே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஆக, இங்கே 'ரன் அவே' என்றால் இடத்தை விட்டு ஓடுவதல்ல, மாடு மூக்கணாங்கயிற்றை அறுத்துக்கொண்ட மாதிரி கட்டுக்கடங்காமல் போவது.

அன்று சாயங்காலம் கருமத்தம்பட்டியில் வீட்டுக்கு வந்தால், அம்மா சலிப்போடு உட்கார்ந்திருந்தார். விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டுபவர். "நாலு தறியில ரெண்டுதான் கண்ணு ஓடுச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தறி என்றைக்காவது நின்ற இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறதா? ஆனாலும் ஓடுகிறது! சினிமா நூறு நாள் ஓடுகிறது. வாங்கின கடனுக்கு வட்டி ஓடுகிறது. பரீட்சைக்கு முதல் நாள் புத்தி ஓடமாட்டேன் என்கிறது. "எப்படி இருக்கீங்க?" என்றால், "ஏதோ ஓடுதுங்க" என்கிறோம். அம்மா பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போனதில்லை. இத்தனை 'ஓடு'களையும் ஒன்றுக்கொன்று குழப்பிக்கொள்ளாமல் பேசுகிறார். பிறகு எனக்கு மட்டும் 'ரன்' என்றால் ஏன் உதறுகிறது?

உதறுவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்தான் முதலிடத்தில் இருந்தது. அதற்கு 430 பொருள். அடுத்த பதிப்புக்காகத் திருத்தி எழுதியபோது 'ரன்' அதை முந்திவிட்டது. 'ரன்' வினைக்கு மட்டும் 645 பொருள் வருகிறது என்று 2011-ல் சொன்னார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதம் உழைத்தாராம். நாம் ஒரே இரவில் டம்ப் அடிக்கப் பார்க்கிறோம்!

என் தப்பு எங்கே என்று யோசித்தேன். நோட்டில் 'ரன் – ஓடு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன், அதுதான். தறியும் மோட்டாரும் இரண்டு மொழியிலும் ஓடுகின்றன, சரி. ஆனால் அவர்கள் ஹோட்டலை 'ரன்' பண்ணுகிறார்கள். நாம் ஹோட்டல் நடத்துகிறோம். அவர்கள் ஓட்டுவதை நாம் நடக்க வைக்கிறோம்! அவர்களுக்கு மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. துணியில் அவர்களுக்குச் சாயம் ஓடுகிறது, நமக்குச் சாயம் போகிறது. கண்ட்யூட் பைப்புக்குள் ஒயரை 'ரன்' பண்ணு என்று லேப் மேனுவலில் இருக்கும். ஒயரை உள்ளே விட்டு இழு, அவ்வளவுதான். தேர்தல்தான் பெரிய வேடிக்கை. அமெரிக்காக்காரர் பதவிக்கு 'ரன்' பண்ணுகிறார், இங்கிலாந்துக்காரர் நிற்கிறார். நம் யூனியன் தேர்தலிலும் அண்ணன்மார் நிற்கத்தான் செய்கிறார்கள். (ஜெயித்த பிறகு ஓடுகிறவர்களைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.)

ஆகவே முதலில் ஓடுவது எது என்று பார்க்க வேண்டும். அடுத்து, பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வால் என்ன என்று பார்க்க வேண்டும். பேட்டரி 'ரன் டவுன்' ஆனால் சார்ஜ் இறங்கிவிட்டது. ஒருவரை 'ரன் டவுன்' பண்ணினால் மட்டம் தட்டிப் பேசுவது. லாரி 'ரன் டவுன்' பண்ணினால் ஆஸ்பத்திரிதான். பழைய சிநேகிதனை 'ரன் இன்டு' என்றால் தற்செயலாகப் பார்த்தது. கார் மரத்தை 'ரன் இன்டு' என்றால் போய் மோதியது. 'ரன்ஸ் இன் தி ஃபேமிலி' என்றால் வம்சத்தில் வழிவழியாக வருவது. எங்கள் வம்சத்தில் இதுவரை ஓடியது தறி மட்டும்தான்.

இதை இவ்வளவு தூரம் எழுதக் காரணம் ஒரு நண்பன். என்னோடு தமிழ் மீடியத்தில் படித்து, என்னோடு முதல் வருடம் சேர்ந்தவன். மோட்டாரைப் பிரித்து மாட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். இங்கிலீஷுக்குப் பயந்து பாதியில் நின்றுவிட்டான். இப்போது தறி ஓட்டுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவனிடம் இந்த 'யாரோட?' கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம், "இம்புட்டுத்தானாடா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. முதல் வருடப் புத்தகங்களை இன்னும் பழைய பேப்பருக்குப் போடவில்லையாம். இந்த மலர் வந்ததும் முதல் பிரதியை அவனிடம்தான் கொடுக்கப் போகிறேன்.

'டேக்', 'புட்', 'கெட்' எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஆனால் மலர்க் குழு எனக்கு ஒதுக்கிய பக்கம் தீர்ந்துவிட்டது. இங்கிலீஷில் அதற்கும் 'ரன் அவுட்' தான்!